பட்டியலில் இல்லாத பட்டறைகள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி, ஒரு பக்கம் ஜாபர்கான்பேட்டைக்குள்ளும் மறுபக்கம் ஈக்காட்டுத்தாங்கலுக்குள்ளும் புகுந்தது. வீடுகளோடு சேர்ந்து, கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய பட்டறைகளும் மூழ்கின.

லேத் பட்டறைக்குள் வெள்ளம் புகுந்தால், வடிந்த பிறகுதான் செலவே ஆரம்பிக்கும். மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும். பேரிங் மாற்ற வேண்டும். லேத் பெட்டில் ஏறிய துருவை எடுக்க வேண்டும். டெலிவரிக்குத் தயாராக இருந்த ஜாப் துருப்பிடித்து ஸ்கிராப் விலைக்குப் போகும். ஆள் கூலியும் வாடகையும் மட்டும் நிற்காது. இவ்வளவுக்கும் பேரிடர் நிதியிலிருந்து பட்டறைக்காரருக்கு என்ன கிடைக்கும்? விதிப்படி பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமில்லை.

விதி என்ன சொல்கிறது?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உண்டு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதற்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் தருகின்றன. மத்திய அரசின் பங்கு இரண்டு தவணைகளாக வரும். முன்பு வாங்கிய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை நகரும்.

எதற்கு எவ்வளவு என்பதையும் மத்திய உள்துறை அமைச்சகமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. 2022–26 காலத்துக்கான பட்டியல்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1.2 லட்சம். வீட்டுக்குள் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. கைவினைஞர், கைத்தறி நெசவாளர் என்றால் சேதமான கருவிக்கு 5,000, மூலப்பொருளுக்கு 5,000. லேத் ஓட்டுபவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார்.

2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிப் பெற்ற 6,000 ரூபாய், மாநில அரசு தானாக முடிவு செய்து குடும்பங்களுக்குக் கொடுத்தது. அது பட்டறைக்கு அல்ல.

கேட்டதும் கிடைத்ததும்

2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம், அடுத்து தென் மாவட்டங்களில் பெருமழை. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,907 கோடி ரூபாய். மத்தியக் குழு வந்து பார்த்தது. பிறகு 2024 ஏப்ரலில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு ஒப்புதல் அளித்தது சுமார் 682 கோடி. மாநில நிதியில் ஏற்கெனவே இருந்த இருப்பில் பாதியைக் கழிப்பது விதி. உடனே விடுவிக்கப்பட்டது 276 கோடி.

இதில் அரசியல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விதியின் பங்கையும் மறக்கக் கூடாது. மாநிலம் உண்மையான சேதத்தைக் கணக்கிட்டுக் கேட்கிறது. மத்திய அரசு பட்டியல் தொகையைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. சட்டத்தின் பார்வையில் இது இழப்பீடே அல்ல, உடனடி உதவி மட்டுமே. பட்டியல் மாறாதவரை எந்த ஆட்சி வந்தாலும் இந்த இடைவெளி இருக்கும்.

மழைக்கு முந்தைய பணம்

15-ஆவது நிதிக்குழு ஒரு நல்ல காரியம் செய்தது. மாநிலங்களுக்கான பேரிடர் நிதியை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு, 30 ரூபாய் மறுசீரமைப்புக்கு, 10 ரூபாய் முன்தயாரிப்புக்கு, 20 ரூபாய் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு என்று பிரித்தது. இதுதவிர, ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்கு 2,500 கோடி ஒதுக்கியது. அதில் சென்னையின் பங்கு 500 கோடி. அந்தப் பங்கோடு 561.29 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளம் வடியாத வாரத்திலேயே, ஒப்புதல் அறிவிக்கப்பட்டது.

நிவாரணம் வந்ததா என்று கேட்கிற நாம், முன்தயாரிப்புக்கும் பாதிப்பைக் குறைப்பதற்கும் சேர்த்து ஒதுக்கிய முப்பது ரூபாய் எங்கே போனது என்று கேட்பதில்லை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் பயன்படப்போவது அதுதான். ஏரியைத் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தெருவுக்குத் தெரிந்தால் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றிவிடலாம். மழைநீர் வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் வெள்ளம் எதிர்த்து ஏறாமல் கதவு இருந்தால் ஒரு தெருவே தப்பும். எந்தத் தெரு எத்தனை அடி மூழ்கும் என்ற வரைபடம் கையில் இருந்தால், மெஷினை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியவை இரண்டு. கைவினைஞர் வரிசையில் குறுந்தொழில் செய்பவரையும் சேர்க்கும்படி மாநில அரசும் தொழில் சங்கங்களும் மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டும். நம் பங்குக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: முன்தயாரிப்புப் பணத்தில் இந்த வார்டுக்கு என்ன செய்தீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.