உடற்பயிற்சியும் உயிரணுச் சுவாசமும்

உயிரணுச் சுவாசம் என்பது உயிரணுக்கள் உணவுப்பொருளைப் படிப்படியாகச் சிதைத்து, அதிலுள்ள ஆற்றலைத் தாம் பயன்படுத்தக்கூடிய வடிவில் பெறும் வேதிவினைத் தொடர் ஆகும். உடற்பயிற்சியின்போதும் கடும் உடலுழைப்பின்போதும் தசை உயிரணுக்களில் இத்தொடரின் வேகம் பல மடங்கு உயர்கிறது. வேகத்தை உயர்த்துவது இழுத்து விடும் மூச்சு அன்று. தசை செலவிடும் ஆற்றலே ஆகும். இத்தொடர்பு இங்குக் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பலரும் கண்டிருக்கக்கூடிய உழைப்பு வகைகளைக் கொண்டு விளக்கப்படுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது செல் சுவாசம் என்றும் இலங்கையில் கலச்சுவாசம் என்றும் வழங்கப்படுகிறது. சுவாசம் என்ற ஒரே சொல் மூச்சுவிடுதலையும் குறிப்பதால் மாணவர்களிடையே குழப்பம் எழுவது இயல்பு. மூச்சுவிடுதல் நுரையீரலுக்குள் காற்று சென்று வரும் இயக்கம். உயிரணுச் சுவாசமோ உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் நடைபெறும் வேதிவினை. முதலாவதைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம்; இரண்டாவதை விருப்பப்படி நிறுத்த முடியாது.

ஓய்வாக இருக்கும் ஒருவர் வேகமாக மூச்சு வாங்கினால் அவருடைய தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிசன் கிடைத்துவிடுவதில்லை. கடல்மட்டத்தையொட்டி அமைந்த கடலூர் போன்ற ஊர்களில் நலமான ஒருவரின் நுரையீரலைவிட்டு வெளிவரும் இரத்தம் ஓய்வு நிலையிலேயே ஏறக்குறைய முழு அளவு ஆக்சிசனைச் சுமந்திருக்கும். அதில் மேலும் ஏற்ற இடம் மிகக் குறைவு.

தசையின் ஆற்றல் நாணயம்

தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் அடினோசின் முப்பாசுபேட்டு, சுருக்கமாக ஏ.டி.பி. ஆகும். இதனை 1929 இல் செருமானியரான கார்ல் லோமான் கண்டறிந்தார். (சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான்.) தசையில் இருப்பிலுள்ள ஏ.டி.பி. கடும் உழைப்பில் சில நொடிகளுக்கு மட்டுமே போதுமானது. எனவே செலவாகச் செலவாக அது மீண்டும் உருவாக்கப்பட வேண்டும்.

ஏ.டி.பி. உடையும்போது ஏ.டி.பி.யின் ஒரு பாசுபேட்டு நீங்கிய வடிவமான ஏ.டி.பி. அல்லாத இருபாசுபேட்டு மூலக்கூறு பெருகுகிறது. தசையைச் சுருங்கச் செய்யும் கால்சியம் அயனிகளும் உயிரணுவினுள் மிகுகின்றன. இவ்விரண்டும் ஆற்றல் ஆக்கும் நொதிகளைத் தூண்டுகின்றன. அதாவது, செலவே வரவுக்கான கட்டளையாக அமைகிறது. பயிற்சிக்கும் உயிரணுச் சுவாசத்துக்கும் உள்ள தொடர்பின் மையம் இதுவே.

கபடி, தேர், படகு

ஏ.டி.பி.யை மீட்டெடுக்கத் தசைக்கு மூன்று வழிகள் உள்ளன. அவை ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று வருவதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. உழைப்பின் வேகத்தையும் நீளத்தையும் பொறுத்து ஒவ்வொன்றின் பங்கு மாறுகிறது.

கபடியில் பாடிச் செல்பவருக்கு 30 நொடிகள் மட்டுமே உண்டு. முதல் சில நொடிகளின் பாய்ச்சலுக்குத் தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியாட்டின் பாசுபேட்டு தன் பாசுபேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. இந்த இருப்பு ஏறத்தாழ 10 நொடிகளில் பெரிதும் குறைந்துவிடும். அடுத்து, குளுக்கோசை ஆக்சிசன் இன்றிப் பாதியளவில் சிதைக்கும் கிளைக்கோபகுப்பின் பங்கு ஓங்குகிறது. இவ்வழியில் ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு நிகரமாகக் கிடைப்பவை 2 ஏ.டி.பி. மூலக்கூறுகளே. ஆயினும் அவை மிக விரைவாகக் கிடைக்கின்றன.

பாடிச் செல்பவர் மூச்சை உள்ளிழுக்காமல் பாடுவதால்தான் அவர் தசை ஆக்சிசனற்ற வழிக்கு மாறுகிறது என்று கருதுவது சரியன்று. தாராளமாக மூச்சுவிட்டுக்கொண்டு 100 மீட்டர் ஓடுபவரின் தசையும் பெரும்பாலும் இதே வழிகளைத்தான் நம்புகிறது. தேவை எழும் வேகத்துக்கு ஆக்சிசன் வழி உடனே ஈடுகொடுக்க முடியாமையே காரணம்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் இழுக்கப்படுகின்றன. நின்ற தேரை நகர்த்த வடம் பிடிப்போர் காலை ஊன்றி முழுவலிமையுடன் இழுக்கும்போது வேறொன்றும் நிகழ்கிறது. இறுகிய தசை தன்னுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிப்பதால் ஆக்சிசன் வரவு குறைகிறது. தேர் நின்று நின்று செல்வதால் இடைவேளைகளில் இரத்த ஓட்டம் மீண்டு, கிரியாட்டின் பாசுபேட்டும் ஓரளவு நிரம்பிவிடுகிறது. 1981 முதல் சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலியில் ஆடுவோர் அரைமண்டியில் நெடுநேரம் நிற்கும்போதும் தொடைத் தசைகளில் இதே நெருக்கடி தோன்றும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கால்வாய்களில் துடுப்பு வலிப்போரின் நிலை வேறு. சீரான வேகத்தில் நீண்ட நேரம் நடைபெறும் இவ்வுழைப்பை இழைமணிகளே பெரிதும் தாங்குகின்றன. இங்குக் குளுக்கோசுடன் கொழுப்பும் ஆக்சிசனுடன் வினைபுரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. ஒரு குளுக்கோசுக்கு 30 முதல் 32 வரை ஏ.டி.பி. கிடைப்பதாக இன்று கணக்கிடப்படுகிறது. பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்றிருக்கும். இழைமணிச் சவ்வின் ஊடாக நேரும் இழப்புகளைச் சேர்க்காத கணக்கு அது.

ஆக்சிசன் வழங்கலும் வெப்பமும்

ஓய்வில் ஒருவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிசனைப் பயன்படுத்துகிறார். சிறந்த நெடுந்தொலைவு ஓட்ட வீரர்களிடம் இது 70 மில்லிலிட்டரைக் கடப்பதுண்டு. இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டருக்கு மாறாக 20 லிட்டர் அல்லது அதற்கும் மேலாக இரத்தத்தை இறைக்கிறது. உழைக்கும் தசை சூடாகவும் சற்றே அமிலத்தன்மையுடனும் இருப்பதால் ஈமோகுளோபின் அங்கு ஆக்சிசனை எளிதில் விடுவிக்கிறது. தேவைப்படும் இடத்தில் தானாகவே இறக்கப்படும் சுமை எனலாம்.

உணவிலிருந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சியது வெப்பம். கடலூர்க் கரையோரத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆகவே தேவனாம்பட்டினம் கடற்கரையில் கத்திரி வெயிற்காலத்தில் நடப்பவருக்கு, அதே வேகத்தில் மார்கழியில் நடப்பதைவிட இதயத்துடிப்பு கூடுதலாக இருக்கும். இரத்தத்தின் ஒரு பகுதி வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குத் திருப்பப்படுவதே இதற்குக் காரணம்.

இலாக்டிக் அமிலம் குறித்த தவறான கருத்து

தேர் இழுத்த மறுநாள் தோன்றும் தசைவலிக்குத் தேங்கிய இலாக்டிக் அமிலமே காரணம் என்று இன்றும் பல நூல்களில் எழுதப்படுகிறது. இது தவறு. கடும் உழைப்பில் இரத்தத்தில் உயரும் இலாக்டேட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மறுநாளோ மூன்றாம் நாளோ உச்சம் அடையும் வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவையும் அதைத் தொடரும் அழற்சியையும் சார்ந்தது.

இலாக்டேட்டு கழிவும் அன்று. இதயத் தசையும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகக் கொள்கின்றன. கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோசாக மாற்றுகிறது. இச்சுழற்சியை விளக்கிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர் 1947 இல் நோபல் பரிசு பெற்றனர். ஓட்டம் நின்ற பின்னும் நீடிக்கும் பெருமூச்சை ஆக்சிசன் கடன் என்று பெயரிட்ட ஏ. வி. இல், அதனை இலாக்டிக் அமிலத்தை அகற்றும் செலவாகவே கண்டார். உயர்ந்த உடல்வெப்பம், இயக்குநீர்களின் தாக்கம், கிரியாட்டின் பாசுபேட்டை நிரப்புதல் ஆகியவையும் அதில் பங்கு பெறுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

தொடர் பயிற்சியின் விளைவு

1967 இல் அமெரிக்காவில் சான் ஒல்லோசி வெளியிட்ட ஆய்வில், பல வாரங்கள் ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் தசையில் இழைமணிகளின் ஆக்சிசன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரு மடங்கானது கண்டறியப்பட்டது. மனிதர்களிலும் இழைமணிகளும் நுண்குழாய்களும் பெருகுகின்றன. இதனால் அதே வேகத்தில் ஓடும்போது பயிற்சி பெற்றவரின் தசை கொழுப்பைக் கூடுதலாகப் பயன்படுத்தி, சேமித்த கிளைக்கோசனை மிச்சப்படுத்துகிறது. பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இப்பயன் குறையத் தொடங்கும்.

சுருங்கும் தசை, இன்சுலினின் தூண்டுதல் இன்றியே குளுக்கோசு கடத்திகளை உயிரணுச் சவ்வுக்குக் கொண்டுவந்து இரத்தத்திலிருந்து குளுக்கோசை உள்ளிழுக்கிறது. இன்சுலினுக்குச் சரிவர இணங்காத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளியின் தசையிலும் இவ்வழி இயங்குகிறது. நடைப்பயிற்சியை மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். அதே காரணத்தால், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்குப் பயிற்சியின்போதும் சில மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

தெளிந்த சுண்ணாம்பு நீரை இரு குவளைகளில் சம அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவர் ஓய்வாக இருக்கும்போது ஒன்றில் உறிஞ்சுகுழல் வழியாக மெல்ல ஊதி, நீர் பால்போல் ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்று நிமிடம் ஓடிய பின் இரண்டாவதில் ஊத வேண்டும். பொதுவாக இரண்டாவது விரைவில் வெண்மையாகும். ஒரு நிமிடத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு உயர்ந்திருப்பதை இது காட்டுகிறது. சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடாமலும் கண்ணில் படாமலும் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.