தொல்லெலும்புகள் உரைப்பவை

ஓர் அறிவியலாளரின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் எண்ணிக்கையையே முதலில் நோக்குகின்றனர். ஆனால் அப்பட்டியலைக் கால வரிசையில் பயின்றால், ஒரே வினா ஒரு மனிதரைப் பல்லாண்டுகள் எவ்வாறு வழிநடத்தியது என்பது புலனாகும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் லூவே டாலேனின் பட்டியல் இதற்குத் தக்க சான்று. வனவிலங்கு மரபியலும் தொல்விலங்குச் சூழலியலும் சந்திக்கும் துறை அவருடையது.

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஆர்க்டிக் நரியை. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன இவ்விலங்குக்குச் சுவீடன் 1928ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் அதன் இனம் மீளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காண்டிநேவியா முழுவதிலும் இருநூறுக்கும் குறைவான முதிர்ந்த நரிகளே எஞ்சின.

பனியூழியில் இந்நரிகள் நடு ஐரோப்பாவிலும் வாழ்ந்தன. பனி பின்வாங்கியபோது அவை குளிரைத் தொடர்ந்து வடக்கே சென்றனவா? 2007இல் வெளியான கட்டுரை இதற்கு விடை தந்தது. பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை இன்றைய நரிகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது, நடு ஐரோப்பிய நரிகள் வடக்கே செல்லவில்லை, இருந்த இடத்திலேயே அழிந்தன என்பது தெரிந்தது. ஸ்காண்டிநேவிய நரிகளின் நெருங்கிய உறவு சைபீரியாவில் இருந்தது. வாழிடம் நகர்ந்தால் விலங்கும் உடன் நகரும் என்னும் எளிய நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது.

எலும்பு இவ்வாறு பேசுவது எங்ஙனம்? உயிர் பிரிந்ததும் டி.என்.ஏ. இழை துண்டு துண்டாகச் சிதைகிறது. துண்டுகளின் முனைகளில் வேதி எழுத்துகள் சில திரிந்துவிடுகின்றன. மண்ணின் நுண்ணுயிர்களுடையதும் எலும்பைத் தொட்டவருடையதுமான டி.என்.ஏ.வும் அதில் கலக்கிறது. எனவே தூய்மை காக்கும் தனி ஆய்வுக்கூடம் இன்றியமையாதது. முனைகளில் காணும் அத்திரிபே அத்துண்டு பழமையானது என்பதற்குச் சான்றாவதும் உண்டு. குளிர் இச்சிதைவைத் தாமதப்படுத்தும். சைபீரிய உறைமண்ணில் கிடைத்த, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மாமூத் பற்களிலிருந்து டி.என்.ஏ. பெறப்பட்ட செய்தி 2021இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதற்கு முன் குதிரை எலும்பொன்றின் ஏறத்தாழ ஏழு இலட்சம் ஆண்டுகளே எல்லையாக இருந்தன.

பட்டியலில் பெயர்கள் நிற்கும் வரிசையும் கவனிக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் டாலேனின் பெயர் முதலில் நிற்கிறது. மாமூத் கட்டுரைகளில் இறுதியில் நிற்கிறது. இத்துறையில் முதலிடம் பணியைப் பெரிதும் செய்தவருக்கும், இறுதியிடம் பெரும்பாலும் ஆய்வை வழிநடத்தியவருக்கும் உரியது. மாணவராயிருந்தவர் ஆசிரியரான கதை அவ்வரிசையிலேயே உள்ளது.

கம்பளி மாமூத்துகளின் இறுதிப் புகலிடம் சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள ராங்கெல் தீவு. கடல் மட்டம் உயர்ந்து, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது நிலப்பரப்பிலிருந்து பிரிந்தது. அத்தீவு மாமூத்தின் மரபணுத் தொகுதியில் நெருங்கிய உறவுக் கலப்பின் தடங்கள் உள்ளதை 2015ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. அவ்வினம் மெல்ல மெல்லச் சீரழிந்து மறைந்தது என்று கொள்ள அது இடம் தந்தது. 2024இல் 'செல்' இதழில் வெளியான விரிவான ஆய்வு அதனைத் திருத்தியது. தொடக்கத்தில் இனப்பெருக்கத்தில் பங்குகொண்டவை எட்டு மாமூத்துகளுக்கு மேல் இருந்திரா. இருபது தலைமுறைக்குள் அவை இருநூறு முதல் முந்நூறு வரை பெருகின; பின் ஆறாயிரம் ஆண்டுகள் நிலைத்தன. கொடிய மரபணுக் குறைகள் காலப்போக்கில் களையப்பட்டன. நடுத்தரக் குறைகளோ தங்கிச் சேர்ந்தன. அழிவு திடீரென்றே நேர்ந்தது. அதற்கான காரணம் இன்னும் துலங்கவில்லை. தம் முந்தைய முடிவைத் தாமே மறு ஆய்வுக்கு உட்படுத்தும் இந்நேர்மை, கட்டுரைகளின் எண்ணிக்கையில் தெரிவதன்று.

இவை யாவும் இறந்தவற்றின் செய்திகள் மட்டுமல்ல. நார்வேயின் இனப்பெருக்க நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சுவீடனின் தென்பகுதிக் கூட்டத்தை அடைந்த மூன்று ஆண் நரிகள் அங்குள்ளவற்றோடு கலந்தன. அவற்றின் குட்டிகள் மேலும் நன்கு பிழைத்ததை வேறு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். சிறு கூட்டமொன்றைக் காக்க வேட்டைத் தடை மட்டும் போதாது. புதிய மரபணுக்களும் வந்து சேர வேண்டும். வெப்பம் உயரும் இந்நாளில், விலங்குகள் தாமே இடம்பெயர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவதும் தகாது. நடு ஐரோப்பாவில் மறைந்த நரிகளின் எலும்புகள் நமக்கு உரைப்பது இதுவே.