250 ரூபாய் எஞ்சின் வாஷ் எனக்கு 7,250 ரூபாய் ஆன கதை: பானெட்டுக்குள்ள வீட்டிலேயே எப்படி சுத்தம் பண்றது?

வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், டாக்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் கையில அழுக்குப் படப் போகுது. ஆனா இதுவும் பண விஷயம்தான். உங்களோட பணம், உங்க கார் பானெட்டுக்கு அடியில இருக்கு.

நம்மள்ல நிறைய பேர் வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறோம். நானும் அப்படித்தான், பத்து வருஷம் ஓடின ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். வெளியில பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு. பானெட்டைத் திறந்தா எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பா ஒரு களிம்பு, அதுக்கு மேல காய்ஞ்ச வேப்பிலை. பார்க்கவே சங்கடமா இருந்ததால, ஒரு ஞாயித்துக்கிழமை ரோட்டோர வாட்டர் சர்வீஸ்ல விட்டு "எஞ்சினையும் அடிச்சு விடுங்கண்ணே"ன்னு சொன்னேன். கூலி 250 ரூபாய். பிரஷர் கன்னை நேரா எஞ்சின் மேல வச்சு அடிச்சாங்க. நானும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தேன்.

மறுநாள் காலையில ஆபீஸ் போற வழியில வண்டி குலுங்க ஆரம்பிச்சது. பிக்கப் இல்ல. 'செக் எஞ்சின்' விளக்கு எரிஞ்சது. ஸ்பார்க் பிளக் உட்கார்ற குழிக்குள்ள தண்ணி இறங்கி, ரெண்டு இக்னிஷன் காயில் போயிடுச்சு. பில் இதோ:

- காயில் இரண்டு: ₹4,200
- ஸ்பார்க் பிளக் செட்: ₹600
- லேபர்: ₹700
- டோயிங்: ₹1,500
- முந்தின நாள் கொடுத்த வாஷ் கூலி: ₹250

மொத்தம் ₹7,250. அந்த மாச எஸ்ஐபி அப்படியே போச்சு.

சரி, கிளெய்ம் பண்ணலாமேன்னு பாலிசியை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசியில தேய்மானத்துக்கும், மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனுக்கும் கவர் கிடையாது. நாமளே தண்ணி அடிச்சு கெடுத்துக்கிட்டதுக்கு யார் கொடுப்பாங்க?

அப்போ எதுக்கு சுத்தம் பண்ணணும்?

அழகுக்காக இல்லைங்க. அழுக்கா இருக்கிற எஞ்சின்ல எந்தக் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் லீக், கூலன்ட் லீக், எலி கடிச்ச ஒயர், வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் அந்தக் கருப்புக் களிம்பு மூடி வச்சிருக்கும். சுத்தமான எஞ்சின்ல புதுசா ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சுனு தெரிஞ்சிடும். 500 ரூபாய் ரிப்பேரா இருக்கும்போதே பிடிக்கிறதா, 20,000 ரூபாய் ரிப்பேரான பிறகு பிடிக்கிறதா? இதுதான் மொத்தக் கணக்கும்.

என்னென்ன வேணும்?

நான் வாங்கினதும் கொடுத்த விலையும். உங்க ஊர்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.

- டிகிரீஸர், அரை லிட்டர்: ₹320
- ஒன்றரை இன்ச் பெயின்ட் பிரஷ்: ₹60
- மைக்ரோஃபைபர் துணி நாலு: ₹240
- ஸ்ப்ரே பாட்டில்: ₹70
- கையுறை: ₹40
- பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கான வாட்டர் பேஸ்டு டிரெஸ்ஸிங்: ₹350

மொத்தம் ₹1,080. பழைய டூத் பிரஷ், பாலித்தீன் கவர், ரப்பர் பேண்ட், சமையல் சோடா, பெட்ரோலியம் ஜெல்லி இதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

சில இடங்கள்ல டீசல், மண்ணெண்ணெய் வச்சு எஞ்சினைத் துடைப்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ரப்பர் ஹோஸும் சீலும் உப்பிப் போகும், தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்கு.

படிப்படியா எப்படி?

1. எஞ்சின் ஆறட்டும். காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி செய்யறதுதான் பெஸ்ட். நிழல்ல நிறுத்துங்க. சூடான எஞ்சின்ல கை சுடும், டிகிரீஸர் உடனே காய்ஞ்சு கறையாகும், சூடான உலோகத்துல குளிர்ந்த தண்ணி படறதும் நல்லதில்ல. உங்க வண்டி மேனுவல்ல எஞ்சின் சுத்தம் பத்தி என்ன போட்டிருக்குன்னு முதல்ல படிச்சிடுங்க. எலெக்ட்ரிக் அல்லது ஹைப்ரிட் வண்டின்னா ஆரஞ்சு நிற ஒயர் இருக்கிற பக்கமே போகாதீங்க. அது ஹை வோல்டேஜ்.

2. போட்டோ எடுங்க. நாலு பக்கமும் போன்ல எடுத்து வச்சுக்கங்க. எந்தக் குழாய் எங்க இருந்துச்சுன்னு பின்னாடி சந்தேகம் வராது.

3. முதல்ல உலர்ந்த குப்பை. இலை, சருகு, தூசி எல்லாம் பிரஷால எடுங்க. முக்கியமா வைப்பருக்குக் கீழ இருக்கிற கிரில்லைப் பாருங்க. அங்க இலை அடைச்சுக்கிட்டா மழைத்தண்ணி வெளிய போக வழியில்லாம காருக்குள்ள இறங்கலாம். எலிப் புழுக்கை இருந்தா அதைக் காய்ஞ்சபடி கூட்டாதீங்க. மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணியால நனைச்சு துணியால எடுங்க. எலிக்காய்ச்சல் பரவறதே எலியோட சிறுநீர்ல இருந்துதான்.

4. பேட்டரி. சாவியை எடுத்துட்டு மைனஸ் ஒயரை முதல்ல கழட்டுங்க. காரணம் இருக்கு: பிளஸ்ஸை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசியா. கடிகாரம், ரேடியோ செட்டிங் எல்லாம் அழிஞ்சு போகலாம், பயப்படாதீங்க. சில வண்டியில ரேடியோவுக்கு கோட் கேட்கும், அதைக் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து டூத் பிரஷால தேய்ங்க. அந்தத் தண்ணி பேட்டரி மூடிக்குள்ள போகக் கூடாது. துடைச்சு காயவிட்டு, ஒயரை மாட்டின பிறகு மேல லேசா பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. "காலையில ஸ்டார்ட் ஆகல, பேட்டரி போச்சு"ன்னு நாலாயிரம் ஐயாயிரம் செலவு பண்ற சிலருக்கு, உண்மையில பிரச்சனை இந்தப் பூ மட்டும்தான்.

5. மூடி வையுங்க. ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியு, ஏர் ஃபில்டருக்குக் காத்து போற வாய், இக்னிஷன் காயில். இந்த அஞ்சையும் பாலித்தீன் கவரால மூடி ரப்பர் பேண்ட் போடுங்க. ஆயில் மூடி, டிப்ஸ்டிக், கூலன்ட் மூடி எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. எனக்கு 7,250 ரூபாய்க்குக் கிடைச்ச பாடம் இந்த ஒரு படிதான்.

6. டிகிரீஸர். நேரா ஸ்ப்ரே அடிக்காம பிரஷ்லயும் துணியிலயும் எடுத்துப் போடுங்க. ஒரு தடவைக்கு ஒரு சின்னப் பகுதி. மூணு நாலு நிமிஷம் ஊறட்டும், காயறதுக்குள்ள தேய்ச்சு எடுத்துடுங்க. பெல்ட்ல படாம பார்த்துக்கங்க.

7. தண்ணி. ஹோஸ் பைப்பும் வேண்டாம், பிரஷரும் வேண்டாம். ஸ்ப்ரே பாட்டில்ல லேசா, அப்புறம் ஈரத்துணி. எனக்கு மொத்தமே அரை பக்கெட் தண்ணிதான் செலவாச்சு. அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க கீழ ஒரு பழைய அட்டையை விரிச்சுக்கங்க. எண்ணெய்த் தண்ணி தரையில ஓடினா அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க போட்டோ வந்துடும். அந்தத் தண்ணி மழைநீர் வடிகால்ல போகவும் கூடாது.

8. காயவையுங்க, துணியை எண்ணுங்க. ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்தே வையுங்க. கவர் எல்லாத்தையும் எடுத்துட்டு, பேட்டரியை மாட்டுறதுக்கு முன்னாடி துணியை எண்ணுங்க. நாலு துணியோட ஆரம்பிச்சா நாலும் கையில இருக்கணும். சூடாகிற எக்ஸாஸ்ட் பக்கத்துல ஒரு துணி மாட்டிக்கிட்டா தீப்பிடிக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடுங்க.

9. டிரெஸ்ஸிங். எஞ்சினை அணைச்சு ஆறவிட்டு, பிளாஸ்டிக் கவர்லயும் ரப்பர் ஹோஸ்லயும் துணியால லேசா பூசுங்க. பெல்ட்ல பூசினா வழுக்கும், எக்ஸாஸ்ட்ல பூசினா புகையும். ரெண்டும் வேண்டாம்.

உண்மையிலேயே எவ்வளவு மிச்சம்?

எனக்கு சர்வீஸ் சென்டர்ல எஞ்சின் கிளீனிங்குக்கு சொன்ன ரேட் ₹1,800. நான் செலவு பண்ணினது ₹1,080. முதல் தடவை ₹720 மிச்சம். ஆனா நம்ம சேனல்ல பாதிக் கணக்கு சொல்ல மாட்டோம் இல்லையா? எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு. மாசம் 40,000 ரூபாய் சம்பளம், 200 மணி நேர வேலைன்னா ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய். ரெண்டரை மணி நேரம்னா 500. ஆக நிஜ லாபம் வெறும் ₹220. இதுக்காக மட்டும்னா நான் தூங்கியே இருப்பேன்.

நிஜ லாபம் வேற இடத்துல இருந்து வந்துச்சு.

நான் சுத்தம் பண்ணினது பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு சென்னையில இருந்து நெல்லைக்கு கார்லயே போறதா பிளான். களிம்பைத் துடைச்சு எடுத்தப்போ, ரேடியேட்டரோட மேல் ஹோஸ் மாட்டுற இடத்துல பிங்க் கலர்ல ஏதோ காய்ஞ்சு ஒட்டியிருந்தது. பழைய கறையா இருக்கும்னு நினைச்சு துடைச்சு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு சும்மா பானெட்டைத் திறந்தா, துடைச்ச அதே இடத்துல புதுசா ஒரு பிங்க் கோடு. கூலன்ட் கசியுது.

தெரு முனையில இருக்கிற மெக்கானிக் அண்ணன் ஹோஸை லேசா அழுத்தினாரு. கிளாம்ப் பக்கத்துல ரப்பர் வாய் பிளந்தது. "தம்பி, இது ஹைவேயில வெடிச்சிருந்தா கூலன்ட் மொத்தமும் போயிருக்கும். நீங்க மீட்டரைப் பார்க்காம ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கெட் காலி. சின்ன வண்டிக்கே இருபதாயிரத்துக்கு மேல"ன்னாரு. ஹோஸ், கிளாம்ப் ₹650, கூலன்ட் ₹400, கூலி ₹300. மொத்தம் ₹1,350.

அதைவிட, ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு டோல்கேட் தாண்டி இருட்டுல, சர்க்கரை இருக்கிற அப்பாவை ரோட்டோரமா உட்கார வச்சிருப்பேன்ல? அதுக்கு எக்செல் ஷீட்ல காலம் கிடையாது.

எலி கடிச்சிருந்தா கிளெய்ம் பண்ணலாமா?

முதல்ல உங்க பாலிசியில அதுக்கு கவர் இருக்கான்னு கேளுங்க. இருந்தாலும் கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஒயர் ரிப்பேர் ₹3,000னு வச்சுக்குவோம். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயக் கழிவு ₹1,000. மீதி ₹2,000 கைக்கு வரும், பிளாஸ்டிக் பாகங்களுக்கு தேய்மானம் பிடிச்சா இன்னும் குறையும். மூணு வருஷமா கிளெய்ம் இல்லாம 35% நோ கிளெய்ம் போனஸ் வச்சிருக்கீங்கன்னா, இந்த வருஷமும் கிளெய்ம் பண்ணலைன்னா அது 45% ஆகும். ஓன் டேமேஜ் பிரீமியம் ₹6,000னா அது ₹2,700 தள்ளுபடி. கிளெய்ம் பண்ணினா அது பூஜ்யம். ₹2,000 வாங்கப் போய் ₹2,700 இழப்பீங்க. சின்ன ரிப்பேருக்கு கையில இருந்து கொடுக்கிறதே லாபம்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறீங்க, வெளியெல்லாம் பழசு, எஞ்சின் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி மின்னுதா? கொஞ்சம் உஷாரா இருங்க. கசிவை மறைக்கறதுக்காக முந்தின நாள்தான் கழுவியிருக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டு திரும்ப பானெட்டைத் திறங்க, வண்டிக்கு அடியிலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

நீங்க விற்கறதா இருந்தா, மூணு வாரம் முன்னாடியே சுத்தம் பண்ணி ஓட்டுங்க. எங்கயாவது கசிஞ்சா சரி பண்ணி, அந்த பில்லையும் வாங்கறவர்கிட்ட காட்டுங்க. அவரும் நம்மள மாதிரி சம்பளக்காரராத்தான் இருப்பாரு.

பிசுபிசுப்பு ரொம்ப கெட்டியா இருந்தா, ஒயர் ஏற்கனவே கடிபட்டிருந்தா, இல்ல வண்டி இன்னும் வாரண்டியில இருந்தா நீங்களா கை வைக்காம ஆள்கிட்ட விட்டுடுங்க. மத்தவங்க வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை செஞ்சா போதும். ஆனா மாசம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கிற மாதிரிதான்: எங்க கசியுதுன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும்?

உங்க வண்டியில நீங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.