பால் பவுடர்: மிச்ச வேலை அடுப்படியில்

பால் பவுடர் டின்னைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கரண்டி இருக்கும். பல டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்பது கணக்கு. அதுவும் தலைதட்டி அளக்க வேண்டும். பிள்ளை இளைத்திருக்கிறதே என்று கோபுரமாகக் குவித்துப் போடுகிறவர்கள் உண்டு. மாதக் கடைசிவரை டின் வரட்டும் என்று குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3.3 கிராம் புரதம்; தாய்ப்பாலில் சுமார் 1 கிராம்தான். பசும்பாலின் புரதத்தையும் உப்புகளையும் குறைத்து, தாய்ப்பாலுக்கு அருகே கொண்டுவருவதுதான் தொழிற்சாலையின் வேலை. கரண்டி குவிந்தால் அந்த வேலை வீண். பச்சிளங்குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பெரியவர்களைப் போல நீரை மிச்சம்பிடிக்கத் தெரியாது. கெட்டிப்பாலில் வரும் கூடுதல் உப்பை வெளியேற்றவே உடல்நீர் செலவாகிவிடும். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். பால் நீர்த்துப்போனால் எடை ஏறாது. சோடியம் அளவுக்கு மீறி இறங்கினாலும் வலிப்புதான். கரண்டியின் அளவும் எல்லா டின்னுக்கும் ஒன்றல்ல. ஒரு டின்னின் கரண்டியை இன்னொன்றில் போடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சீல் உடைக்காத டின்னில் இருந்தாலும் பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல. 'குரோனோபாக்டர்' என்ற பாக்டீரியா உலர்ந்த பவுடரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதன் தொற்று அபூர்வம்தான். ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டு மாதம் நிறையாதவர்களுக்கும் வந்தால் மூளைக்காய்ச்சலாக முற்றி உயிரையே பறிக்கலாம். 2022இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய ஆலை இந்தக் கிருமி பற்றிய அச்சத்தால் மூடப்பட, நாடு முழுக்கப் பால் பவுடருக்குத் தட்டுப்பாடு வந்தது.

அதனால்தான் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்குள் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கலக்கிய புட்டியை மூடி, குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் கிருமி சாகாது, பெருகத்தான் செய்யும். கலக்கி இரண்டு மணி நேரம் ஆன பாலையும், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததையும் கொட்டிவிட வேண்டும். புட்டியையும் நிப்பிளையும் கழுவினால் மட்டும் போதாது. கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். புட்டியைத் தேய்ப்பது சிரமமென்றால் சின்னக் கிண்ணமோ பாலாடையோ போதும். சுத்தம் செய்வது எளிது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதில் மாற்றமில்லை. பவுடர் விளம்பரங்களை 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடுக்கிறது, அது நல்லதே. ஆனாலும் மருத்துவக் காரணத்தாலோ, தாய் இல்லாததாலோ பவுடரை நம்பும் குழந்தைகள் இருக்கவே செய்கிறார்கள். விளம்பரங்களுக்குக் கடிவாளம் போட்ட 1981ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறையே, தேவைப்படும் தாய்க்கும் குடும்பத்தாருக்கும் பவுடர் கலக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர் செய்து காட்டலாம் என்கிறது. பவுடரை எழுதிக் கொடுக்கும் மருத்துவமனை, தாயை வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு புட்டியை அவர் கையாலேயே கலக்கவைத்துப் பார்க்க வேண்டும்.