வெட்டிய ரப்பர் மரத்தின் கரிக் கணக்கு

25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த ரப்பர் மரம் மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்படுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மரம் சாய்ந்ததும் அதன் கணக்கு முடிந்துவிடுகிறதா? பருவநிலை மாற்றத்தைத் தடுக்க முயலும் நாடுகள் ஆராயும் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைகளின் வழியே ஏற்று, அதன் கரியைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. 100 கிலோ உலர்ந்த கட்டையை முழுதும் எரித்தால், அதிலுள்ள 50 கிலோ கரி காற்றின் பிராணவாயுவோடு கூடி, சுமார் 183 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும். அதே கட்டை மேசையானால், மேசை நிலைத்திருக்கும் வரை கரியும் அதனுள் அடங்கியிருக்கும்.

முற்காலத்தில் நம் ரப்பர் மரம் பெரும்பாலும் விறகாகவே போயிற்று. அறுத்த பலகையைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் கெடுத்தன. மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவிய பின்னர், அதுவே தளவாடப் பொருள்களாகிக் கப்பலேறலாயிற்று.

ஆயினும், வெட்டிய ஆண்டிலேயே மரத்தின் கரி முழுவதும் காற்றில் கலந்ததாக எழுதுவதே உலகில் நெடுநாள் வழங்கிய எளிய கணக்கு. அடுப்பில் எரிந்த மரமும் மேசையான மரமும் அக்கணக்கில் ஒன்றே. அவ்வாறாயின், மரத்தை நீடித்த பொருளாக்கும் நாட்டுக்கு அதனால் என்ன பயன்?

2011ஆம் ஆண்டு டர்பன் நகரில் கூடிய ஐ.நா. மாநாடு, பொருளின் ஆயுளையொட்டிக் கணக்கிட வழிவகுத்தது. காகிதத்தில் 2 ஆண்டுகளிலும், ஒட்டுப்பலகை போன்றவற்றில் 25 ஆண்டுகளிலும், அறுத்த பலகையில் 35 ஆண்டுகளிலும் பாதிக் கரி வெளியேறுவதாகக் கொள்வர். விறகுக்கோ இச்சலுகை இல்லை.

மேசை அயல்நாடு சென்றால், கரி யார் கணக்கில் சேரும்? மரம் வளர்ந்த நாட்டின் கணக்கில் என்பது ஒரு முறை. மேசை இருக்கும் நாட்டின் கணக்கில் என்பது மற்றொரு முறை. நாட்டுக்கு நாடு முறை மாறினால், ஒரே கரி இருமுறை எண்ணப்படலாம். எவர் கணக்கிலும் வராமலும் போகலாம். ஆகவே அனைவருக்கும் பொதுவான முறை வேண்டும்.

ஒன்றை நாம் மறத்தலாகாது. மேசை கரியைக் காத்து வைக்கிறதேயன்றி, அழித்துவிடுவதில்லை. வேரும் கிளையும் மரத்தூளும் மேசையாவதுமில்லை. அவற்றை மறைத்து மேசையை மட்டும் காட்டினால், மரம் வெட்டுவதே நற்செயல் என்றாகிவிடும். வெட்டிய மரம், செய்த பொருள், நட்ட கன்று ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான கணக்கு. அதில் மூன்றாவது வரியை எழுதுவன, நிரையில் கன்று நட்டுப் பேணும் நம் கைகளே.