ஷெட் போடும் முன்... பண்ணைப் பட்டறைக்கு எது முதல், எது பிறகு?

சொர்ணவாரி நெல் அறுவடைக்குத் தயாராக நிற்கிறது. மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்து டிராக்டரில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் என்ன செய்வீங்க? ஹோஸ் விலை பெரிசு இல்லை. ஆனா வண்டியைப் பூந்தமல்லிக்கோ அம்பத்தூருக்கோ கொண்டுபோய், சரிசெய்து, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் போயிடும். அதற்குள் மழை வந்தால் நெல் சாய்ந்துவிடும்.

வெல்லவேடு, திருமழிசை, திருநின்றவூர் பக்கம் இன்னும் பயிர் வைக்கிறவர்களுக்கு இந்தத் தவிப்பு புதுசு இல்லை. இன்னொரு பக்கம், 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் இந்தப் பகுதிக்கு நிறைய கைத்திறன் உள்ளவர்களைக் கொடுத்திருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்து லேத், வெல்டிங் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. "நம்ம நிலத்திலேயே ஒரு டிராக்டர் பட்டறை போட்டா என்ன?" என்று நீங்களும் யோசித்திருக்கலாம்.

தாராளமாகப் போடலாம். ஆனா ரிப்பேர் வேலை நன்றாகத் தெரிந்தவர்கூட, செய்யவேண்டிய வரிசையை மாற்றினால் பணத்தை விட்டுவிடுவார். ஷெட்டைப் போட்டுவிட்டு அனுமதி கேட்பது, மெஷினை வாங்கிவிட்டு மானியம் கேட்பது, கதவை வைத்துவிட்டு வண்டியை அளப்பது, இந்த மூன்றும் வேண்டாம். சரியான வரிசையைப் பார்ப்போம்.

1. முதலில் நிலம் யார் எல்லையில் இருக்கிறது?

இங்கே எல்லைகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. அதைத் தாண்டினால் ஊராட்சிகள். ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. தொழில் உரிமம் யார் தருவார்கள், மானிய மனு எந்த மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும் என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

அடுத்து, தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் பட்டா, சிட்டாவை எடுத்துப் பாருங்க. பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் சரியாக இருக்கணும். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் பெயர் மாற்றம்தான் உங்கள் முதல் வேலை. வங்கி கேட்கும் முதல் காகிதமும் அதுதான்.

பிறகு அந்த சர்வே எண்ணின் நிலப் பயன்பாடு. இந்தப் பகுதி சிஎம்டிஏ எல்லைக்குள் வருகிறது. வேளாண் மண்டலமா, குடியிருப்பா, தொழில் மண்டலமா என்று சிஎம்டிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம். சொந்த டிராக்டரை நிறுத்தும் கொட்டகை வேறு, ஊரார் வண்டியை ரிப்பேர் பார்த்துக் காசு வாங்கும் பட்டறை வேறு. இரண்டுக்கும் ஒரே விதி இல்லை. ஆவடிக்கு வடக்கே புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள கிராமங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளும் உண்டு. அங்கே நிலம் இருந்தால் செங்கல் இறக்கும் முன் கட்டாயம் விசாரிச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. 2024-ல் வந்த சுயசான்று கட்டட அனுமதித் திட்டம் வீடுகளுக்கு மட்டும்தான். "ஆன்லைன்ல உடனே கிடைக்குமாமே" என்று நம்பிப் பட்டறையை ஆரம்பிக்காதீங்க. பட்டறைக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

2. செலவு செய்யும் முன் கடனும் மானியமும்

பலருக்கும் கைநழுவிப் போவது இதுதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் மானியம். ஏற்கெனவே நடக்கும் பட்டறைக்குக் கிடையாது. 2022-ல் திருத்தப்பட்ட விதிப்படி சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25 மற்றும் 35 சதவீதம். ஊராட்சி எல்லை கிராமப்புறம், நகராட்சி எல்லை நகர்ப்புறம். இப்போது புரியுதா, எல்லையை ஏன் முதலில் பார்க்கச் சொன்னோம் என்று? நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் வைங்க.

ரிப்பேரோடு டிராக்டர், ரோட்டவேட்டர், நடவு இயந்திரம் வாடகைக்கு விடவும் எண்ணம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுங்க. வேளாண் இயந்திர வாடகை மையங்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. துறையின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே இயந்திரத்தை வாங்கவேண்டும். வாடகை மையத்துக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியிலும் கடன் கேட்கலாம். 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை வட்டியில் 3 சதவீதம் சலுகை கிடைக்கும்.

குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே போனில் செய்யலாம். முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

3. வண்டியை அளந்து, பிறகு கட்டடத்தை வரையுங்க

உங்க பகுதியில் ஓடும் வண்டிகளை டேப் வைத்து அளந்து பாருங்க. 45 முதல் 50 ஹெச்பி டிராக்டர், பின்னால் ரோட்டவேட்டரோடு சேர்த்து சுமார் 17 அடி நீளம் வரும். சுற்றி நடந்து வேலை பார்க்க எல்லாப் பக்கமும் 4 அடியாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு வண்டிக்கு 15 அடிக்கு 25 அடி இடம். இரண்டு வண்டி நிற்க 30-க்கு 25. ஓரத்தில் சாமான் அறைக்கு 10-க்கு 25. மொத்தம் 1,000 சதுர அடி. தொடக்கத்துக்கு இது போதும்.

கதவு 12 அடி அகலம், 12 அடி உயரம் இருந்தால் டிராக்டர் தாராளமாக வரும். டயர் வைத்த பெரிய அறுவடை இயந்திரம் இதில் நுழையாது. அதன் வெட்டும் பகுதியே 14 அடி இருக்கும். அதற்காகப் பெரிய கதவு வைத்துச் செலவை ஏற்றுவதைவிட, முன்பக்கம் 20 அடி கான்கிரீட் தளம் போட்டு மேலே கூரை நீட்டிவிடுங்க. அறுவடை இயந்திரத்தை அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம்.

நம்ம ஊரில் மதியத்துக்குப் பிறகு மேற்கு வெயில் தாங்காது. கதவை முடிந்தவரை கிழக்கு அல்லது வடக்கு பார்த்து வைங்க. கடல் காற்றும் உள்ளே வரும். தகரக் கூரையில் இடையிடையே வெளிச்சம் விடும் ஷீட் போட்டால் பகலில் விளக்கு தேவைப்படாது.

4. தரையும் தண்ணீரும்

2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நேரத்தில் அம்பத்தூர், ஆவடியில் தேங்கிய தண்ணீரையும் மறந்திருக்க மாட்டீங்க. அன்று உங்கள் இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்க. தரைமட்டம் அதற்கு மேலே இருக்கட்டும். பிளக் பாயின்ட், ஸ்விட்ச் போர்டு எல்லாம் இன்னும் உயரத்தில்.

டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடை. ஜாக் போட்டுத் தூக்கும்போது அத்தனை பாரமும் ஒரே புள்ளியில் இறங்கும். எனவே கம்பி வலை வைத்து 6 அங்குல கான்கிரீட் தேவை. 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சின்னச் சரிவு கொடுத்து, வழியும் ஆயில் ஒரு தொட்டியில் சேரும்படி செய்யுங்க.

கார் சர்வீஸ் சென்டர் மாதிரி குழி தோண்டணுமா? ஏரிகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். குழி கிணறாகிவிடும். சமையல் கேஸ் போன்ற வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் குழியில் தங்கும். ஒரு தீப்பொறி போதும். டிராக்டர் உயரமான வண்டிதானே, ஜாக்கும் உறுதியான ஸ்டாண்டுகளும் இருந்தால் குழி இல்லாமலே வேலை ஓடும்.

5. மோட்டார் கொட்டகை கரண்ட் வேண்டவே வேண்டாம்

"பக்கத்துலதான் பம்ப்செட் லைன் இருக்கே" என்ற நினைப்பு ஆபத்தானது. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் வெல்டிங் செய்வது அனுமதியில்லாத பயன்பாடு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி பொருத்தமான கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிப்பார்கள். எப்போதிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று கண்டறிய முடியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள்.

எவ்வளவு லோடு கேட்பது? கூட்டிப் பாருங்க. வெல்டிங் மெஷின் 6 கிலோவாட், 3 ஹெச்பி கம்ப்ரஸர் 2.2, வாட்டர் சர்வீஸ் பம்ப் 2, டிரில்லிங் மெஷின், கிரைண்டர் இரண்டும் சேர்ந்து 1.3, விளக்கு, ஃபேன் 0.5. மொத்தம் 12 கிலோவாட். இந்தக் கணக்கோடு த்ரீ பேஸ் இணைப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிங்க. தனி எர்த்தும், 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறவரின் உயிரைக் காப்பது அதுதான்.

6. சாமான்களை இரண்டு தவணையில் வாங்குங்க

முதல் தவணை: உறுதியான ஒர்க் பெஞ்ச், 6 அங்குல வைஸ், ஸ்பேனர் மற்றும் சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஹைட்ராலிக் ஜாக், ஸ்டாண்டுகள், கிரீஸ் கன், வெல்டிங் மெஷின், கிரைண்டர், பேட்டரி சார்ஜர், கம்ப்ரஸர். கூடவே வெல்டிங் கண்ணாடி, கையுறை, தீயணைப்பு சிலிண்டர். இவை இல்லாமல் கடை திறக்காதீங்க. வெல்டிங் செய்யும் இடமும் டீசல் வைக்கும் இடமும் குறைந்தது 35 அடி தள்ளி இருக்கணும்.

இரண்டாவது தவணை ஆறு மாதம் கழித்து. எந்த வேலை அதிகம் வருது என்று நோட்டில் எழுதி வைங்க. ஹோஸ் வேலை அதிகமென்றால் ஹோஸ் பிரஸ். இன்ஜின் இறக்கும் வேலை வந்தால் செயின் பிளாக். லேத் வேலையை அம்பத்தூருக்கே அனுப்பலாம், அங்கே அதற்குப் பஞ்சமில்லை. நீங்க வைத்திருக்க வேண்டியது அறுவடை நேரத்தில் சட்டென்று தேவைப்படும் ஹோஸ், பெல்ட், பேரிங், ஃபில்டர்.

7. பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?

எங்கேயும் கொட்டக்கூடாது. கழிவு ஆயில் அபாயகரக் கழிவு. 2016 விதிகளின்படி மூடிய டிரம்மில் சேர்த்து, 90 நாட்களுக்குள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். செம்பரம்பாக்கமும் புழலும் சென்னையின் குடிநீர் ஏரிகள். உங்கள் பட்டறைக் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று யோசிங்க. வண்டி கழுவுவது, பெயின்ட் அடிப்பது இரண்டும் உண்டென்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்க.

இன்றைக்கே போனில் செய்யக்கூடியவை

• பட்டா, சிட்டா டவுன்லோடு செய்து பெயரைச் சரிபாருங்க.
• சர்வே எண்ணின் நிலப் பயன்பாட்டை சிஎம்டிஏ தளத்தில் பாருங்க.
• உழவன் செயலியை நிறுவி வேளாண் இயந்திர மானிய விவரம் பாருங்க.
• மின் இணைப்பு சந்தேகத்துக்கு மின்னகம்: 94987 94987. பயிர், இயந்திரம் பற்றிக் கேட்க கிசான் கால் சென்டர்: 1800 180 1551.
• திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி நாட்களைக் கேளுங்க.

இந்த வேலைகளுக்கு ஒரு பைசா செலவில்லை. கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்க. அடுத்த சொர்ணவாரிக்கு உங்கள் ஊர் டிராக்டர் அம்பத்தூர் வரை போகத் தேவையிருக்காது.