கொட்டை எழுத்தின் உருவும் பயனும்
ஆனையிறவை முன்வைத்துச் சில குறிப்புகள்

அச்செழுத்து பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களிற் பயிலும் சிற்றெழுத்தையே நோக்குவர். தலைப்பு, சுவரொட்டி, அறிவித்தற் பலகை ஆகியவற்றிற்குரிய பருத்த எழுத்து அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ‘கொட்டை எழுத்து’ என மக்கள் வழங்கும் இவ்வெழுத்தின் உருவையும் பயனையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

இது கைத்தொழிற் புரட்சியின் விளைபொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வணிகப் போட்டி பெருக, விளம்பரம் தெருவிற்கு வந்தது. வழிப்போக்கரின் கண்ணைத் தொலைவிலேயே ஈர்க்கவல்ல எழுத்து வேண்டப்பட்டது. 1815ஆம் ஆண்டளவில் லண்டனில் வின்சென்ற் பிக்கின்ஸ் வெளியிட்ட எழுத்துகளில் கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்புடையன; அவற்றின் முனைகளிற் கட்டை போன்ற சதுரப் பாதங்கள் அமைந்தன. 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தைப் பொறியாற் குடையும் முறையைக் கண்டபின், பேரெழுத்துகள் மலிவாயின.

உரோமன் எழுத்திற்கு ஏற்ற இம்முறை தமிழுக்கு அப்படியே பொருந்துவதன்று. தமிழெழுத்துகள் பல சுழிகளால் ஆனவை. கோடு தடிக்குந்தோறும் சுழியினுள்ளிருக்கும் வெண்மை குறுகுகின்றது. இகரக் குறியையும் ஈகாரக் குறியையும் வேறுபடுத்துவது ஒரு சிறு சுழியே. எகர, ஏகாரக் கொம்புகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. சுழி அடைபடின் ‘கேடு’ ‘கெடு’வாகத் தோன்றும்.

‘ஆனையிறவு’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இதில் வரும் ‘னை’ முன்னர் யானைத் தும்பிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் அவ்வளைவை நீக்கித் தனிக் குறியை வைத்தது. வார்ப்பு எளிதாயிற்று; சொல்லின் நீளம் கூடிற்று. மேலும், ‘யி’ மேலெழுகின்றது. ‘ற’வும் ‘வு’வும் கீழிறங்குகின்றன. எனவே மும்மொழிப் பலகையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரே உயரமுள்ள வரியை ஒதுக்கினால், தமிழெழுத்தின் உடல் சிறுத்துவிடும். அளவிற் சமமாகத் தோன்றுவது பயனிற் சமமாவதில்லை.

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று. வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஆனையிறவு பெரும் போர்க்களமாய் இருந்த இடம். 2009இல் போர் முடிந்தபின் அப்பகுதியிலும் அதன் வடக்கே முகமாலையிலும் மிதிவெடி அபாயத்தை அறிவிக்கும் செந்நிறப் பலகைகள் நின்றன. அவற்றை வாசிக்க வேண்டியவர்கள் மீண்டும் தம் காணிகளுக்குத் திரும்பிய மக்கள். ‘மிதி’க்கும் ‘மீதி’க்கும் இடையே உள்ளது ஒரு சுழி. மண்டையோட்டுச் சின்னம் எழுத்தறியாதாரையும் எச்சரிக்கும். ஆனால் அபாயம் எது, எல்லை எது என்பவற்றை எழுத்தே உரைக்கவேண்டும்.

ஆகவே தமிழ்க் கொட்டை எழுத்தை அமைப்போர், உள்ள எழுத்தைத் தடிப்பாக்குவதுடன் நின்றுவிடலாகாது. முதலிற் சுழியினுள் வெண்மைக்கு இடம் வகுத்தல் வேண்டும். கோடுகள் கூடுமிடங்களை மெலிவித்தல் வேண்டும். எழுத்தை அகலித்தல் வேண்டும். அச்சிலும் பலகையிலும் கருமைக்குப் பொருள் தருவது அதனுள் விடப்படும் வெண்மையே எனலாம்.